வாய்தாவுக்கு என்று வாங்கிய ரேகை

3-5-1974

கோர்ட்டுக்கு மே மாத லீவு. வக்கீலுக்கும் லீவு. குமாஸ்தாவுக்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் லீவு எழுதி வைக்கவில்லை. காலை பஸ்ஸில் மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போனேன். ஆபீஸைத் திறந்தேன். ஈ ஓட்டினேன். பதினோரு மணிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு ரிஜிஸ்தர் தபால் வந்தது.

வக்கீல் பஞ்சநாதன் பெயருக்கு எது வந்தாலும் நான்தான் பிரிப்பேன். பதினெட்டு வருஷ வழக்கம். பிரித்தேன். வக்கீல்களை விசாரிக்கிற கவுன்சிலிலிருந்து நோட்டீஸ். எங்கள் வக்கீல் மேல் புகாராம். ஏப்ரல் 22-ஆம் தேதி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. கொடுத்தவள் அஞ்சம்மாள்.

எந்த அஞ்சம்மாள்? அனுமந்தை போகிற ரோட்டோரம் உப்பளத்தில் உப்பு வாருகிறாளே, அவள்தான். புருஷன் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. எழுத்து வாசனை கிடையாது. பஸ் போர்டைப் படிக்க நாலு பேரைக் கேட்பாள். அவள் வக்கீல் மேல் புகார் கொடுக்கிறாள்! தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன்.

புகாரை எழுதிக் கொடுத்தது பள்ளிக்கூடத்து டீச்சர் தையல்நாயகி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. விஷயம்? முதல் வரியிலேயே ‘கனம் பொருந்திய’ என்பதைக் ‘கணம் பொருந்திய’ என்று எழுதியிருக்கிறாள். பிள்ளைகளுக்கு இவள் பாடம் சொல்லித்தருகிறாளாம். சிவப்புப் பென்சிலால் சுழித்து வைத்தேன்.

4-5-1974

புகாரைத் திரும்பப் படித்தேன். நேற்று மாதிரி சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். அஞ்சம்மாளுக்கு உப்பளத்தை ஒட்டிப் பன்னிரண்டு சென்ட் மனை, அதில் ஒரு கூரை வீடு. பக்கத்து உப்பளத்து முதலாளி கலியமூர்த்தி அது தன்னுடையது என்றான். அவள் எங்கள் வக்கீலிடம் வந்தாள். வழக்குப் போட்டோம். மூன்று வருஷம் நடந்தது. போன ஆகஸ்டில், மனை கலியமூர்த்திக்கே போகட்டும் என்று அவள் சமரசமாகப் போகச் சம்மதித்ததாக ராஜி மனு தாக்கல் ஆனது. வழக்கு முடிந்தது.

அவள் சம்மதிக்கவில்லை. அவளுக்கு ஒன்றுமே தெரியாது. இந்தத் தை மாதம் உப்பளம் திருத்த வந்த ஆட்கள் அவள் வாசலிலேயே வாய்க்கால் வெட்டினபோதுதான் தெரிந்திருக்கிறது. ‘வாய்தாவுக்கு என்று சொல்லி குமாஸ்தா என்னிடம் ரேகை வாங்கிப் போனார், அதை ராஜிக்கு வைத்து ஏமாற்றிவிட்டார்கள்’ என்பது புகார்.

ராஜி ஆன அடுத்த மாதமே கலியமூர்த்தியின் மற்ற கேஸ் கட்டுகள் எல்லாம் எங்கள் ஆபீஸ் அலமாரிக்கு வந்துவிட்டன. வக்கீல் அதை ‘தொழில் வளர்ச்சி’ என்றார். நான் என்ன குருடனா? பார்த்தேன். அலமாரியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன்.

7-5-1974

வேறெங்கும் சொல்ல முடியாததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். என் மனைவி லட்சுமி இந்த நோட்டைத் தொடமாட்டாள். என் எழுத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

ராஜி மனுவில் இருக்கிற ரேகை அஞ்சம்மாளுடையது அல்ல. என்னுடையது.

அன்றைக்கு மைப்பெட்டியை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கே போனேன். கண் கூசுகிற வெள்ளை. அவள் வாருபலகையைக் கீழே போட்டுவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“வாய்தாவுக்குத்தானேங்க?”

“ஆமாம்மா. வாய்தாவுக்குத்தான்.”

அவள் இடது பெருவிரலை மையில் அழுத்திக் காகிதத்தில் வைத்தேன். கத்தரிக்காயைத் தோய்த்து வைத்த மாதிரி ஒரே கறுப்பு. குடிக்கிற தண்ணீரில் கழுவச் சொல்லி மறுபடி வைத்தேன். அதே கறுப்பு. மூன்று காகிதம் வீண். சின்ன வயசிலிருந்து உப்பு வாரி வாரி அவள் விரலில் ஒரு வரிகூட மிச்சமில்லை. அவளுக்கு அது தெரியவில்லை. மை ஒட்டினால் ரேகை என்று நினைக்கிறாள். “விழுந்துடுச்சுங்களா?” என்று கேட்டாள். விழுந்தது என்றேன்.

வழக்குப் போட்டபோது வக்காலத்தில் அவள் வைத்த கறுப்பு மொத்தையை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் ராஜி மனு என்றால் கோர்ட் சிரஸ்தார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பார். ரேகை தெளிவில்லை என்று திருப்பிவிடுவார். பதினெட்டு வருஷத்தில் என் கையால் போன பேப்பர் ஒன்றுகூடத் திரும்பி வந்தது கிடையாது. ஒன்றுகூட! மற்ற குமாஸ்தாக்கள் கோர்ட் வராந்தாவில் திருத்தம் போட்டுக்கொண்டு நிற்பார்கள். நான் வெற்றிலை போட்டுக்கொண்டு போவேன். அந்தத் திமிர்தான். ஆபீஸுக்கு வந்து புதுக் காகிதம் எடுத்தேன், என் பெருவிரலை வைத்தேன். கீழே ‘அஞ்சம்மாள் இடது பெருவிரல் ரேகை, என் முன்னிலையில் வைத்தது, காசிலிங்கம், குமாஸ்தா’ என்று அழகாக எழுதினேன். சிரஸ்தார் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார்.

வக்கீலுக்கு இது தெரியாது. ராஜிக்கு ரேகை வாங்கி வா என்றது மட்டும் அவர்.

வேடிக்கை என்னவென்றால், அஞ்சம்மாளே அது தன் ரேகை என்று நம்புகிறாள். ஏமாற்றி வாங்கினார்கள் என்று அழுகிறாளே தவிர, ‘அது என் ரேகை இல்லை’ என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனை அவளுக்குத் திரும்பும், வக்கீல் கோட்டைக் கழற்றுவார், நான் ஜெயிலுக்குப் போவேன். வாயில் இருக்கிறது, சொல்லத் தெரியவில்லை. இதைவிட முட்டாள்தனம் உண்டா?

10-6-1974

வக்கீல் ஊரிலிருந்து வந்தார். நோட்டீஸைப் படித்து அவரும் சிரித்தார். ஆனால் அந்தப் பழைய சிரிப்பு இல்லை.

“யோவ் காசி, இதுல பயப்பட ஒண்ணுமே இல்ல. ரேகை அவளுதுன்னு அவளே ஒத்துக்கிறா. நாமே மனு போடுவோம், ரேகையை எக்ஸ்பர்ட்டுக்கு அனுப்புங்கன்னு. அவன் அவளுதுதான்னு எழுதிடுவான். முடிஞ்சுது.”

தன் கழுத்துக்குத் தானே கயிறு கேட்கிற மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன். இந்த லட்சணத்தில் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டம். பார்க்கலாம் சார் என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போனேன்.

12-6-1974

கிடைத்துவிட்டது.

வக்கீல் சந்தா கட்டி வாங்கி ஒருநாளும் பிரிக்காத சட்டப் பத்திரிகைகளை நான் படிப்பேன். வக்கீல்கள் சட்டத்தில் புதிதாக ஒரு திருத்தம் போட்டிருக்கிறார்கள். இந்த ஜனவரி 31-லிருந்து அமல். 36-பி. புகார் வந்து ஒரு வருஷத்துக்குள் மாகாணக் கமிட்டி முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் கேஸ் தானாக டெல்லிக் கவுன்சிலுக்குப் போய்விடும்.

ஏழை எளியவர்களின் புகார் இழுபடக் கூடாது என்று டெல்லியில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். புத்திசாலிகள்! இழுத்தால் டெல்லி என்று எழுதிக் கொடுத்தால், இழுக்கிறவனுக்கு அதைவிட என்ன வரம் வேண்டும்? திண்டிவனம் தாண்டினாலே திசை தெரியாதவள் டெல்லிக்கா போவாள்? பெட்டியில் போட்டு மூடிவிடுவார்கள்.

வக்கீலிடம் எடுத்துச் சொன்னேன். எக்ஸ்பர்ட் வேண்டாம் சார், எதற்கு வம்பு, ஒரு வருஷம் வாய்தா வாங்கினால் போதும் என்றேன். அவர் பத்திரிகையை மூன்று தடவை படித்தார்.

“நீ வக்கீலாயிருக்கணும்யா” என்றார்.

பெருமையாக இருந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

20-9-1974

மெட்ராஸில் முதல் விசாரணை. வக்கீலுக்கு மஞ்சள் காமாலை என்று மனு எழுதி நானே எடுத்துப் போனேன். அவர் இங்கே கல்யாண வீட்டில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அஞ்சம்மாள் அதே பஸ்ஸில் வந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டாள். நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். வாய்தா கிடைத்தது. அவள் வெளியே வந்து, “வாய்தாவுக்கு ரேகை வெக்கணுங்களா?” என்று என்னையே கேட்கிறாள். என்னை! எந்த மண்ணால் செய்தார்களோ.

18-11-1974

இன்று இரண்டாவது வாய்தா. வக்கீலின் பெரியம்மா காலமானார். போன வருஷம் வேறொரு கேஸுக்காகக் காலமான அதே பெரியம்மா.

மழைக்காலம். உப்பளம் முழுக்கத் தண்ணீர், வேலை இல்லை. அதனால் அவளுக்கு மெட்ராஸ் வர வசதியாகிவிட்டது. இதை நான் யோசிக்காமல் விட்டேன். ஒவ்வொரு தடவையும் டாண் என்று வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

9-1-1975

பொங்கல் சாமான் வாங்கப் போன இடத்தில் லட்சுமி அவளைப் பார்த்திருக்கிறாள்.

“வாசல்ல வாய்க்கால் ஓடுதாம். உப்புத் தண்ணி சுவத்துல ஏறி, சுவர் பொரிஞ்சு விழுதாம். உங்க வக்கீல் நல்லா இருப்பாரா?”

“உனக்கு எதுக்கு கோர்ட்டு விஷயம்? குழம்பைப் பாரு.”

“குழம்புக்கு உப்பு அவ வாருனதுதான்” என்றாள்.

பேச்சுக்குப் பேச்சு. இவளுக்கும் அந்த டீச்சருக்கும் ஒரே வாய்.

30-1-1975

மூன்றாவது வாய்தா. கமிட்டித் தலைவர் காதில் கருவி மாட்டிய ஒரு கிழவர். மனுவை வாங்கிக்கொண்டு, “உங்க வக்கீலுக்கு வியாதி அதிகமா, சாவு அதிகமா?” என்று கேட்டார். அடுத்த தடவை அவர் வந்தே ஆக வேண்டுமாம். மார்ச் 21.

பரவாயில்லை. மார்ச் 21-லிருந்து ஒரு மாதம் தள்ளினால் ஏப்ரல் 22, வருஷக் கெடு முடிந்துவிடும்.

21-3-1975

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், ஒன்று விடாமல்.

கமிட்டியில் மூன்று பேர். இரண்டு பேர் பெஞ்சுக்கு அழகு. தலைவர் கிழவர் மட்டும்தான் படித்துவிட்டு வந்திருந்தார். எங்கள் வக்கீல் புதுக் கோட்டு. அஞ்சம்மாளை நிற்க வைத்தார்கள். உட்காரம்மா என்றார் தலைவர். அவள் தரையில் உட்காரப் போனாள். நாற்காலியைக் காட்டினார்கள்.

“ஏம்மா, கேஸ் ராஜியானது உங்களுக்குத் தெரியுமா?”

“அதாங்க நானும் கேக்கறேன். ராஜி ராஜின்றாங்களே, அவ யாருங்க? எங்க ஊர்ல ராஜின்னு யாரும் கிடையாதுங்க. அவதான் என் வூட்டை எழுதிக் குடுத்துட்டாளா? கூப்பிடுங்க சாமி அந்தப் பொம்பளைய, நான் நேருக்கு நேர் கேக்கறேன்.”

மெட்ராஸ் வக்கீல் கூட்டம் முழுக்கச் சிரித்தது. எங்கள் வக்கீல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரு வருஷமாக ராஜி என்கிற பொம்பளையை ஊர் ஊராகத் தேடியிருக்கிறாள்! தலைவர் சிரிக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராஜி என்றால் ஆளா பேப்பரா என்று தெரியாதவள் ராஜிக்கு எப்படிச் சம்மதித்திருப்பாள்? நூறு பக்கம் வாதாடினாலும் இவ்வளவு வராது. சிரித்த முட்டாள்கள் நாங்கள்தான்.

பிறகு வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி ரேகை வைக்கச் சொன்னார்கள். வைத்தாள். கறுப்பு மொத்தை.

“இன்னொரு தடவை வைம்மா.”

வைத்தாள். மொத்தை.

“நல்லாத்தானங்க வெச்சேன்?” என்று கிழவர் முகத்தைப் பார்த்தாள். தப்புச் செய்துவிட்டோமோ என்கிற பயம்.

“எத்தனை வருஷமா உப்பளத்துல?”

“அறிவு தெரிஞ்ச நாள்லேருந்துங்க.”

கிழவர் ஃபைலைப் புரட்டினார். புகார் மனுவில் மொத்தை. பழைய வக்காலத்தில் மொத்தை. ராஜி மனுவை எடுத்தார். மேசை டிராயரைத் திறந்து பூதக்கண்ணாடி எடுத்தார்.

“இது ரொம்ப அழகா இருக்கே” என்றார்.

எக்ஸ்பர்ட்டுக்கு அனுப்ப வேண்டும், ஆனால் அறிக்கை வர மூன்று மாதம் ஆகும், அதற்குள் ஒரு வருஷம் முடிந்து கேஸ் டெல்லிக்குப் போய்விடும் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். ஏப்ரல் 11-க்குக் கடைசி விசாரணை போட்டார்கள். யாருக்காவது ஏதாவது சொல்ல இருந்தால் அதற்குள் எழுத்தில் கொடுங்கள் என்று கிழவர் சொன்னார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார்.

என் யோசனை பலித்துவிட்டது. எக்ஸ்பர்ட் அறிக்கை வருவதற்குள் கேஸ் டெல்லி. டெல்லி என்றால் அவள் இல்லை. நான் தப்பித்தேன்.

வெளியே வராந்தாவில் அவள் நின்றிருந்தாள்.

“ஏங்க, டெல்லிக்கு எங்க பஸ் ஏறணும்?”

“பஸ் போகாதும்மா. ரயில். ரெண்டு நாள் ஆகும்.”

“ரெண்டு நாளைக்குக் கட்டுச்சோறு தாங்காதுங்களே. அவல் எடுத்துக்கிட்டா ஆச்சுங்க” என்றாள்.

போய்விடுவாள் போலிருக்கிறது, சனியன்.

24-3-1975

வக்கீல் இன்று கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்.

“காசி, அந்த ரேகை யாருது?”

“அவளுதுதான் சார்.”

அவர் என் கையைப் பார்த்தார். நான் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அதுவே பதிலாகிவிட்டது.

31-3-1975

வக்கீல் கமிட்டிக்குக் கூடுதல் பதில் ஒன்று எழுதியிருக்கிறார். நல்ல காகிதத்தில் சுத்தப் பிரதி எடுக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார்.

“கையெழுத்து பளிச்சுன்னு இருக்கணும்யா. கமிட்டி பார்க்கும்.”

எடுத்தேன். இரண்டாவது பாராவில் வருகிறது:

‘மேற்படி குமாஸ்தா காசிலிங்கம் என் அறிவுக்கு எட்டாமல் தன் சொந்த லாபத்துக்காக இந்தக் காரியத்தைச் செய்துள்ளார் என்று இப்போது அறிகிறேன். அவர் அறிவிலும் ஒழுக்கத்திலும் குறைந்தவர். இறக்கத்தின் பேரில் மட்டுமே அவரை வேலையில் வைத்திருந்தேன்.’

இறக்கமாம். இரக்கம் என்று எழுதத் தெரியாதவன் இரக்கப்பட்டானாம். பதினெட்டு வருஷம் இந்த ஆளுக்குப் பிராது எழுதினது யாரு? பதில் மனு எழுதினது யாரு? ஜட்ஜு கேள்வி கேட்டா பின்னாடியிருந்து செக்‌ஷன் நம்பரை முணுமுணுத்தது யாரு? ரேகை வெச்சது நான். சரி. ராஜிக்கு வாங்கிட்டு வாடான்னது எவன்? கலியமூர்த்தி கட்டை அலமாரியில அடுக்கச் சொன்னது எவன்? எனக்கு என்னடா சொந்த லாபம்? அந்தப் பன்னிரண்டு சென்ட்ல எனக்கு ஒரு சாண் உண்டா?

“போலீசுல எல்லாம் உன்னை மாட்ட விடமாட்டேன். ஒரு ஆறு மாசம் எங்கயாவது போய் இரு. கேஸ் டெல்லிக்குப் போயிட்டா யாரும் தோண்டமாட்டான்” என்று தோளைத் தட்டினார். தட்டின இடம் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

அந்த எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டுத்தான் பிரதி எடுத்தேன். வழக்கம் விடவில்லை.

1-4-1975

லட்சுமியிடம் சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

“அப்ப அந்தம்மாவுக்கு வூடு போனது உங்க கையாலதானா?”

“வக்கீல் சொல்லி—”

“வக்கீலா விரலைப் பிடிச்சு வெச்சாரு?”

சாப்பாடு போட்டாள், எதிரில் நிற்கவில்லை.

3-4-1975

குமாஸ்தாவுக்கு லைசென்சும் கிடையாது, கவுன்சிலும் கிடையாது. என்மேல் புகார் கொடுக்க இடமே இல்லை. வக்கீல் தப்புச் செய்தால் மூன்று பேர் உட்கார்ந்து நாற்காலி போட்டு விசாரிப்பார்கள், மிஞ்சிப்போனால் கோட்டைக் கழற்றுவார்கள். நான் செய்தால் நேராகப் போலீஸ். நல்ல ஏற்பாடு. இதைத்தான் அந்த ஆள் தெரிந்து வைத்திருக்கிறான். சட்டத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே விஷயம்.

சும்மா இருந்தால் என்ன ஆகும்? டெல்லிக்குப் போகும். வருஷக் கணக்காகும். அவன் கோர்ட்டுக்குப் போவான், நான் ஒளிந்துகொண்டிருப்பேன். சுவர் விழுந்துகொண்டேயிருக்கும்.

7-4-1975

இன்று மெட்ராஸ் போய் என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன். ஏழு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை. ரேகை என்னுடையது, ராஜிக்கு ரேகை வாங்கச் சொன்னது வக்கீல், வாய்தா என்று பொய் சொன்னது நான், கலியமூர்த்தி கட்டுகள் எந்தத் தேதியில் எந்த அலமாரிக்கு வந்தன என்பது உட்பட எல்லாம்.

நல்லவனாகிவிட்டேன் என்று எவனும் நினைக்க வேண்டாம். எரிச்சலில் செய்தேன். ‘இறக்கத்தின் பேரில்’ என்று அந்த ஆள் எழுதாமல் இருந்திருந்தால் ஒருவேளை சும்மா இருந்திருப்பேன். அந்த ஆளுக்காக ஜெயிலுக்குப் போகலாம், அந்த ஆளின் தமிழுக்காகப் போக முடியாது.

வாங்கிக்கொண்ட ஆபீஸ்காரர் பக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, “ஏன் சார், யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா?” என்றார். முத்திரை போடுங்கள் என்றேன்.

11-4-1975

கமிட்டி என் பெருவிரலை வாங்கியது. கிழவர் பூதக்கண்ணாடியில் இரண்டையும் பார்த்தார், மற்ற இருவரிடமும் தள்ளினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எக்ஸ்பர்ட் தேவைப்படவில்லை. வக்கீலின் புதுக் கோட்டு வியர்வையில் ஒட்டியிருந்தது. பார்க்கத் திருப்தியாக இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

அஞ்சம்மாளுக்கு யாரோ விளக்கிச் சொன்னார்கள். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அட நாறப் பொழப்பே” என்றாள்.

இத்தனை மாதத்தில் அவள் என்னிடம் ‘ங்க’ போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

18-4-1975

உத்தரவு. வக்கீல் பஞ்சநாதன் மூன்று வருஷம் தொழில் செய்யக் கூடாது. ஒரு வருஷம் முடிய நாலு நாள் இருக்கும்போது முடித்துவிட்டார்கள். ராஜியை ரத்து செய்ய கமிட்டிக்கு அதிகாரம் இல்லை, அதற்கு அஞ்சம்மாள் சிவில் கோர்ட்டில்தான் மனு போட வேண்டுமாம். என்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லிக் கோர்ட்டுக்குத் தனியாகக் கடிதம் போகிறது.

ஆபீஸ் சாவியை வக்கீல் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் மனைவிதான் வாங்கினார். அவர் உள்ளே இருமினார்.

9-6-1975

கோர்ட் திறந்துவிட்டது. எனக்கு வேலை இல்லை. போலீஸ் இன்னும் வரவில்லை. வரும். திண்டிவனத்தில் எந்த வக்கீலும் என்னைச் சேர்க்கமாட்டான். காலையில் வாசலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சம்மாள் வந்தாள். ஒரு துணிப்பை நிறையப் பேப்பர்.

“அந்த ராஜியை ரத்து பண்ணணுமாம். எழுது” என்றாள்.

எவ்வளவு மானங்கெட்டவள்! மனையைப் பறித்தவன் வீட்டு வாசலுக்கே வந்து மனு எழுதச் சொல்கிறாள்.

“ஏம்மா, ஊர்ல வேற ஆளே இல்லியா? டீச்சர் இல்லை? நல்ல வக்கீலாப் பார்த்துப் போயேன்.”

“வக்கீல் பார்த்தாச்சு. புதுசா ஒருத்தரு. கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துட்டு ஒண்ணும் புரியலைன்றாரு. நீதானேப்பா எழுதினவன்? எங்கெங்க பொய்யின்னு உனக்குத்தானே தெரியும்? எழுது.”

உள்ளேயிருந்து லட்சுமி பாயும் பலகையும் கொண்டுவந்து போட்டாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள். எனக்கு ஒன்றுமில்லை.

எழுதினேன். நாலு மணி நேரம். ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டச் சொல்லி, நிறுத்தி நிறுத்தி அர்த்தம் கேட்டாள். முன்பெல்லாம் இப்படிக் கேட்டிருந்தால் விரட்டியிருப்பேன்.

16-6-1975

மனுவைக் கோர்ட்டில் ஏற்று நம்பர் போட்டுவிட்டார்கள். ஆனால் முதலில் ஒரு தடவை திரும்பி வந்தது. சிரஸ்தார் ரேகை தெளிவில்லை என்றார். என் வாழ்க்கையில் திரும்பி வந்த முதல் பேப்பர். பதினெட்டு வருஷம் நான் ஏளனம் செய்த அதே வராந்தாவில், மற்ற குமாஸ்தாக்கள் பார்க்க, தூணோரம் உட்கார்ந்து அந்தக் கறுப்பு மொத்தையின் கீழே எழுதினேன்: ‘மனுதாரரின் விரல் உப்பள வேலையால் தேய்ந்தது. ரேகை இவ்வளவுதான் விழும்.’ வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு சாட்சிப் பட்டியல். முதல் சாட்சி நான். பெயர், தகப்பனார் பெயர், வயது எல்லாம் சொன்னேன்.

“தொழில்?” என்றார் கவுண்டரில் இருந்தவர்.

குமாஸ்தா என்று சொல்ல வாய் வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

“ஊரான் பேருக்கு ரேகை வெக்கறவருன்னு போடுங்க சாமி” என்றாள் அஞ்சம்மாள் பின்னாலிருந்து.

கவுண்டர் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். தொழில் என்று போட்டிருந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டேன்.